ஓநாயின் செருப்பு

கண்ணைத் திறக்கக் கூடாது. மூன்று தடவை சொல்லிவிட்டாள் அந்த நர்ஸ் பெண். ஒரு தடவை சொன்னால் போதும் எனக்கு. "தாத்தா, திறந்துடாதீங்க, மருந்தெல்லாம் வழிஞ்சு போயிரும்." தாத்தாவாம். பெயரைப் பதிவேட்டில் எழுதும்போது பொன்னுரங்கம் என்று தெளிவாகத்தான் சொன்னேன். சொட்டு விட்டு, இமைமேல் பஞ்சு வைத்து, வரிசையில் உட்கார வைத்துவிட்டாள். கண்மணி விரிய முக்கால் மணி நேரம். விரிந்த பிறகு டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, புரை முற்றிவிட்டது என்று எனக்குத் தெரிந்ததையே எனக்குச் சொல்வார். பக்கத்தில் ஒருவர் பிளாஸ்க்கைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார். பினாயில் வாசனை. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிறீச் என்கிறது. இடது பக்கம் கமலவேணி. என் மனைவி. கையில் போன். "அறுவத்தொரு பேர் எழுதியிருக்கறாங்க, படிக்கட்டுங்களா?" என்றாள். வேண்டாம் என்றேன். "சரி, வேண்டாம்னா விட்டர்றனுங்க." விட்டுவிட்டாள். அதுதான் அவளிடம் தொல்லை. வேண்டாம் என்றால் உடனே விட்டுவிடுவாள். ஒரு நிமிடம் போயிற்று. கிறீச். இரண்டு. சரி படி, என்றேன். அவள் சிரித்தது காதில் விழுந்தது. சிரிக்கட்டும். பன்னிரண்டு மணிக்குச் சங்கமித்ரா கூப்பிடுவாள், அதற்குள் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன், வேறொன்றுமில்லை. சங்கமித்ரா அந்த இணைய இதழின் ஆசிரியர். பேய்க்கதை எழுதி இருபது வருடம் சும்மா கிடந்தவனைத் தேடி வந்து ஒரு கதை கேட்டாள். கொடுத்தேன். 'பதினேழாம் வளைவு'. நாலே பக்கம். மலைப்பாதை பஸ்ஸில் கண்டக்டர் மாதப்பன், பௌர்ணமி வந்தால் ஓநாயாகிவிடுவான். நாலு பக்கத்துக்கு நாலு படம். படம் தேவசகாயம். கதை வந்து எட்டு நாள் ஆகிறது. இப்போது இதே மாதிரிப் பன்னிரண்டு கதை சேர்த்துப் புத்தகம் போடுகிறார்களாம். அட்டையில் இரண்டு பெயரும் ஒரே அளவில் வருமாம். ஒரே அளவில். "ஓவியர் அவரே இருக்கட்டுமா சார், வேற யாரையாச்சும் பாக்கலாமா? நீங்க சொல்றதுதான்" என்றாள். நான் சொல்வதுதான். வேறு ஆளைப் போடு என்று சொல்லப் போகிறேன். மூன்று சொல். மூச்சு முட்டாது.

"'கதை படிக்க நாலு நிமிஷம் ஆச்சு. படத்தை நாப்பது நிமிஷம் பாத்துட்டிருந்தேன்.'" கமலவேணி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்திப் படிக்கிறாள். "'நான் இதுவரைக்கும் பாத்த ஓநாயெல்லாம் வெளிநாட்டு ஓநாய். இதுதான் நம்மூரு ஓநாய். எங்க பெரிய மாமா மாதிரியே இருக்கு.'" சிரிக்கிறாள். பிளாஸ்க்காரரும் சிரிக்கிறார். அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போல. மெதுவாகப் படி என்றேன். "'தமிழ்நாட்டுல ஏது ஓநாய்?' இப்பிடி ஒருத்தரு கேக்கறாருங்க." வம்புக்கென்றே எவனாவது ஒருவன் வருவான். அடுத்தது. "'இது கையில வரைஞ்சதா, கம்ப்யூட்டரா? கையின்னா அந்தக் கைக்கு மோதிரம் போடணும்.'" எழுதிய கைக்கு? எழுதிய கைக்கு என்ன போடலாம், விலங்கா? அடுத்தது. "'ரெண்டாவது படத்துல நகமெல்லாம் வளந்து கை ஓநாய்ப் பாதமா மாறின பிறகும் டிக்கெட் கத்தையை விடாம புடிச்சிருக்கான் பாருங்க, என்ன ஒரு கற்பனை! ஓவியருக்கு ஒரு கும்பிடு.'" கண்ணைத் திறந்துவிட்டேன். பஞ்சு மடியில் விழுந்தது. அது என் வரி! நாலாவது பத்தி. 'விரல்கள் போய்விட்டன, டிக்கெட் கத்தை போகவில்லை.' அந்த வரிக்காக ஒரு முழு நாள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். அவன் அதைப் படித்துவிட்டு வரைந்தான், அவ்வளவுதான். படித்தவனுக்கு வரி மறந்துவிடும், படம் நிற்கும். "தாத்தா! கண்ணு!" நர்ஸ் எங்கிருந்து வந்தாளோ. பஞ்சு மறுபடி இமைமேல் உட்கார்ந்தது. "சும்மா இருங்க" என்றாள் கமலவேணி. "யாரு மேல கோவம்?" யார் மேலும் இல்லை. படி. "'படங்கள் அபாரம். கதையும் பரவாயில்லை.'" கதையும். பரவாயில்லை. இதை எழுதியவன் யார் என்றேன். "எளிலோ எழிலோ, கோபிச்செட்டிப்பாளையம்." நன்றாக இருக்கட்டும். விரலில் எண்ணிக்கொண்டு வந்தேன். இதுவரை பதினாலு. பதினொன்று படத்துக்கு. ஒன்று சண்டை. ஒன்று 'முதலில் படித்தது நான்' என்று எழுதியிருக்கிறது, எதற்கென்று தெரியவில்லை. எனக்கு மிஞ்சியது இந்த ஒன்று. கதையும் பரவாயில்லை. விருந்துக்குப் போனவனைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, டிரைவருக்கும் ஒரு இலை போடுங்கப்பா என்பார்களே, அந்த இலை.

இதெல்லாம் முன்னால் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். போஸ்ட்கார்டாக. யாரும் பார்க்க முடியாது, நான் மட்டும். கோயம்புத்தூரில் நான் பேய்க்கதை எழுதிய வாரப் பத்திரிகை நடந்த காலம். எனக்கு மில்லில் குமாஸ்தா வேலை, வாரநாளில் நகர முடியாது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மில் ஆபீஸ் போனிலிருந்து பத்திரிகைக்குப் பேசுவேன். அங்கே தேவசகாயம் பென்சிலைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பான். நான் இன்னும் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன். "இந்த வாரம் என்ன கட்டம் அண்ணாச்சி?" என்பான். பாளையங்கோட்டைக்காரன், இன்றுவரை அந்தப் பேச்சு போகவில்லை. கிணற்றடி, ஒரு பெண், பின்னால் நிழல் என்று சொல்வேன். அவன் வரைந்துவிடுவான். படத்தை அச்சடிக்க உலோகத்தில் பிளாக் எடுத்துவிடுவார்கள். கதை வெள்ளிக்கிழமைதான் போகும். ஒரு தடவை போனில் ஆளுக்கு மீசை என்று சொல்லிவிட்டு, எழுதும்போது மறந்து மழுமழுவென்று எழுதிவிட்டேன். படத்தில் மீசை, கதையில் இல்லை. பத்திரிகை முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "பிளாக் எடுத்தா காசு, வரி அடிச்சா மை. படம் மாறாது, கதைதான் மாறணும்." அன்றிலிருந்து அதுதான் சட்டம். வியாழக்கிழமை படத்தின் புரூப் மட்டும் வீட்டுக்கு வரும், அதைப் பார்த்துக் கதையைத் திருத்துவேன். அவன் ஒரு பெட்டியை வரைந்திருந்தால் நான் ஒரு பெட்டியை எழுதுவேன். அவன் ஜன்னலைச் சாத்தியிருந்தால் நான் சாத்துவேன். எழுத்தாளன்! படத்துக்குச் சட்டை தைக்கிற தையல்காரன். சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். கடிதங்கள் வந்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வாசகர் கடிதம் எல்லாவற்றையும் மொத்தமாகக் கட்டி எனக்கு அனுப்பிவிடுவார்கள். படத்தைப் பற்றி வந்ததைப் பிரித்து ஓவியரிடம் கொடுத்துவிட வேண்டியது, அதுதான் வழக்கம். நான் கொடுக்கவில்லை. முதலில் ஒரு கார்டு. அடுத்த வாரம் தருகிறேன் என்றுதான் எடுத்து வைத்தேன். பிறகு பத்து. பிறகு, இவ்வளவு நாள் ஏன் தரவில்லை என்று கேட்பானே என்று தரவில்லை. கிழித்துப் போடவும் கை வரவில்லை, ஏனென்று தெரியாது. மஞ்சள் கட்டைப்பையில் போட்டு பீரோவுக்கு மேலே தள்ளினேன். 'கதை எழுதுகிறவரை மாற்றினாலும் படம் போடுகிறவரை மாற்றாதீர்கள்', உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு பெண். முத்து முத்தான கையெழுத்து. இன்றைக்கும் மனப்பாடம். நேற்று தேவசகாயம் போன் பண்ணினான். "ஏ அண்ணாச்சி, சனங்க இப்பிடில்லாம் எழுதுவாவன்னு எனக்குத் தெரியாதே! அந்தக் காலத்துல படத்தப் பத்தி ஒருத்தனும் ஒரு வரி எழுதலயே. சரி, நம்ம படம் அவ்வளவுதாம்போலன்னு நெனச்சி போர்டு எழுதப் போயிட்டேன்." சிரித்துக்கொண்டே சொன்னான். எழுபத்திரண்டு வயதில் ஒரு வாசகர் கருத்தை எனக்கே படித்துக் காட்டினான். ஆமாப்பா, ஆமாப்பா என்றேன். போனை வைத்த பிறகு பீரோ பக்கம் பார்க்கவில்லை. இப்போது எல்லாருக்கும் எல்லாம் தெரிகிறது. மறைக்கப் பை கிடையாது. அதுதான் கோளாறு.

"மூணாவது படத்தப் பத்தித்தானுங்க நெறையப் பேரு எழுதியிருக்கறாங்க" என்றாள். எத்தனை பேர்? "இருபது இருபத்தஞ்சு பேரு இருக்கும். எல்லாரும் செருப்பச் சொல்றாங்க." என்ன செருப்பு? "நீங்க பாக்கலீங்களா?" பார்த்தேன் என்றேன். பார்க்கவில்லை. பார்த்தேன், தெரியவில்லை. போனைக் கண்ணுக்கு ஒட்டி வைத்தேன், தள்ளி வைத்தேன். சாம்பல் கலரில் ஒரு திட்டு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு திட்டு. அவ்வளவுதான் என் ஓநாய். தேவசகாயத்திடம் "பாத்தேன், பரவால்ல" என்றேன். அட, நானும் அந்தக் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரன் மாதிரிதான் சொல்லியிருக்கிறேன். எட்டு நாளாகப் பார்க்காத ஒரு படத்தின்மேல் எரிந்துகொண்டிருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. கமலவேணியிடமும். கதையில் செருப்பே கிடையாதே என்றேன். "படிக்கறேன் கேளுங்க. 'ஓநாயா மாறி, பொண்டாட்டிய கொல்ல வீட்டுக்குள்ள வர்றான். ஆனா வாசல்ல செருப்பைக் கழட்டி ஜோடியா விட்டுட்டு வர்றான். அதைப் பாத்ததும்தான் பயமே வந்துச்சு. ராத்திரிக்கு என் வீட்டுக்காரர் செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டு எந்திரிச்சு உக்காந்துட்டேன்.' இது ஒரு அம்மா எழுதினது." அடுத்தது? "'மனுசன் முழுசாப் போகலை, மிச்சம் இருக்கான்னு அந்தச் செருப்பு சொல்லுது.'" அடுத்தது? "எல்லாம் அதேதானுங்க." நான் எழுதியது ஒரே வரி. 'கதவைத் தள்ளிக்கொண்டு அது உள்ளே வந்தது.' அவன் கேட்கக்கூடச் செய்தான், போனில். "எப்பிடி உள்ள வாரான் அண்ணாச்சி?" எப்படி வருவான், கதவைத் தள்ளிக்கொண்டு வருவான் என்று சிடுசிடுத்தேன். "அவ்வளவுதானா?" என்றான். அவ்வளவுதான் என்றேன். அவ்வளவுதானாம்! ஒரு செருப்பு. எனக்கு ஏன் தோன்றவில்லை? அறுபது நாவல் எழுதியவன். கழுத்தைத் திருகினேன், ரத்தம் கொட்டினேன், கிணற்றிலிருந்து கையை நீட்டினேன். ஒரு ஜோடிச் செருப்பு தோன்றவில்லை. எந்த மாதிரிச் செருப்பு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "இருங்க, பெருசு பண்ணறேன்." கிறீச். கிறீச். "டயர் செருப்புங்க. வார் வெச்சது. இடதுகாலுக் கட்டைவிரல் வளையம் அறுந்து போயி கம்பி போட்டு முறுக்கியிருக்குது." நிறுத்தினாள். "ஏனுங்க, மில்லுல இருந்தப்ப உங்களுது ஒண்ணு இப்பிடித்தானே இருந்துச்சு? செப்புக்கம்பி போட்டு நீங்களே கட்டிக்கிட்டு வந்தீங்க." இருந்தது. எல்லாரிடமும்தான் இருந்தது. "எல்லார்த்துகிட்டயும் செப்புக்கம்பி எங்கீங்க இருந்துச்சு" என்று முனகிவிட்டுப் போனைப் பார்க்கிறாள். அவள் என்னையும் பார்க்கிறாள் என்று பஞ்சுக்குக் கீழேயே தெரிகிறது. அந்தக் காலத்தில் தேவசகாயம் உக்கடத்தில் ஒரு லைன் வீட்டில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை, வெயில். பொங்கல் மலருக்கு விளம்பரம் போட்டிருந்தார்கள், 'தேவசகாயத்தின் ஓவியங்களுடன்' என்று கொட்டை எழுத்தில், என் பெயர் அதற்குக் கீழே எறும்பு மாதிரி. சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். அடிக்கத்தான் போனேன். இன்று பொய் சொல்வானேன், அடிக்கத்தான். கதவைத் தள்ளினேன், அவன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான், கையில் சோறு. என்னென்னவோ கத்தினேன். பேச்சில் அவன் அம்மாவையும் இழுத்தேன். கையை ஓங்கினேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையையும் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மதிக்கவே மாட்டேன் என்கிறான் என்று இன்னும் கத்தினேன். கடைசியில் "சாப்பிடுதியளா அண்ணாச்சி?" என்றான். திரும்பி வந்துவிட்டேன். முப்பத்தெட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், அன்றைக்கு வாசலில் அவன் யாரைப் பார்த்தான் என்று. யாரையும் இல்லை. செருப்பைப் பார்த்திருக்கிறான். கொல்கிற மாதிரி வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடியாக விட்டுவிட்டு வந்திருக்கிறான். எனக்கே தெரியாது. கழற்றினேனா? கழற்றியிருப்பேன். அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடு போவார்களா. அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, கம்பி முறுக்கு உட்பட எடுத்து எங்கோ வைத்திருந்து, நான் ஓநாய் என்று ஒன்றை அனுப்பியதும் வாசலில் கொண்டுவந்து விட்டிருக்கிறான். பழிவாங்கலா? அவனுக்கு அது வராது. அதுதான் இன்னும் எரிகிறது. அவன் வெறுமனே பார்த்திருக்கிறான். நன்றாகப் பார்த்திருக்கிறான். நான் இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து அவனை என்ன பார்த்தேன்? ஓநாய்க்கு மூஞ்சி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கமலவேணி மறுபடி பெரிது பண்ணிப் பார்த்தாள். பிறகு, "பாவமா இருக்குதுங்க" என்றாள். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

போன் அவள் கையிலேயே அடித்தது. பன்னிரண்டு. "அந்தச் சங்கமித்ரா புள்ளைங்க" என்று என் காதில் வைத்தாள். "சார், முடிவு பண்ணிட்டீங்களா? ஓவியரை மாத்திரலாமா?" மூன்று சொல். நாக்கு நுனியில் இருக்கிறது, காலையிலிருந்து உருட்டி உருட்டி வழுவழுவென்று ஆகியிருக்கிறது. அவன் போர்டு எழுதப் போய்விடுவான். போர்டு இப்போது யார் எழுதுகிறார்கள், எல்லாம் பிளெக்ஸ். வீட்டில் உட்கார்ந்து அந்த அறுபத்தொன்றையும் திரும்பத் திரும்பப் படிப்பான். வேறு ஒருவன் வந்து வரைவான், நான் சொன்னதை மட்டும் வரைவான், கதவைத் தள்ளிக்கொண்டு வருவான் என்றால் கதவை வரைவான். வாசலில் ஒன்றும் இருக்காது. "சார்? லைன்ல இருக்கீங்களா?" இருக்கிறேன். அந்த ஆளே வரையட்டும் என்றேன். "ரொம்ப சந்தோஷம் சார்." இரு, வைக்காதே, புத்தகத்துக்கு ஒரு திருத்தம் இருக்கிறது, எழுதிக்கொள் என்றேன். கதவு வரிக்கு முன்னால் இன்னொரு வரி. வாய் தானாகச் சொல்லிற்று. "'வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடியாக விட்டது. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது.'" எழுதிக்கொண்டே ஒரு தடவை திரும்பப் படித்தாள். பிறகு, "சார்! பிரமாதம் சார். இதை முதல்லயே எழுதியிருக்கலாமே. இந்த வரிதான் கதையே" என்றாள். இந்த வரிதான் கதையே. எட்டு நாளில் எனக்கென்று வந்த முதல் வார்த்தை. நெஞ்சுக்குள் வெதுவெதுவென்று இறங்கியது. நன்றாக இருந்தது, மறுக்க மாட்டேன், சர்க்கரை போட்ட காபி மாதிரி இருந்தது. படம் மாறாது, கதைதான் மாறணும், அந்தச் சட்டப்படிதான் செய்தேன், தப்பொன்றும் இல்லை. புத்தகம் வாங்குகிறவன் முதலில் வரியைப் படிப்பான், பிறகு படத்தைப் பார்ப்பான். எழுத்தாளர் எழுதினார், ஓவியர் வரைந்தார் என்பான். இல்லையென்று யார் சொல்வார்? தேவசகாயம் சொல்ல மாட்டான். "சரியாப் போட்டுட்டியளே அண்ணாச்சி" என்பான். அவன் அப்படித்தான் சொல்வான். போனைத் திருப்பி நீட்டினேன். கமலவேணி வாங்கவில்லை. ஒரு சுற்று. இரண்டு சுற்று. வாங்கிக்கொண்டாள். ஏதாவது சொன்னால் பதில் சொல்லலாம். சொல்ல மாட்டேன் என்கிறாள். வெதுவெதுப்பு அதே இடத்தில் புளிக்க ஆரம்பித்தது. மின்விசிறி கிறீச் என்றது. "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க." அவனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல் என்றேன். "எதுக்குங்க?" வரச் சொல், சோறு போடு. "சரிங்க." பீரோ மேலே ஒரு மஞ்சள் பை இருக்கிறது. "அதயாங்க?" என்றாள் உடனே. என்ன பை என்று கேட்கவில்லை. எந்தப் பை என்று கேட்கவில்லை. எத்தனை வருடமாகத் தெரியும் இவளுக்கு? ஒவ்வொரு பொங்கலுக்கும் பீரோ மேல் தூசி தட்டுகிறவள் இவள்தான். எனக்கு இது தோன்றவே இல்லை. தூசி தட்டி இறக்கி வை என்றேன். "தூசியெல்லாம் இல்லீங்க" என்றாள்.

"பொன்னுரங்கம் யாரு? உள்ள வாங்க." தாத்தா இல்லை இந்தத் தடவை. பஞ்சை எடுத்தார்கள். வெளிச்சம் வெள்ளையாக முகத்தில் மோதியது, கதவு எங்கே, சுவர் எங்கே, ஒன்றும் தெரியவில்லை. கமலவேணி முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு எட்டு. "உள்ள ஏசி ரூம், செருப்பை வெளியிலேயே விட்டுடுங்க" என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே வந்தாள், பிறகு கீழே பார்த்திருப்பாள் போல. "அட, தாத்தா விட்டுட்டாரே" என்றாள். காலுக்குக் கீழே தரை சில்லென்றிருந்தது. எப்போது கழற்றினேன்? தெரியவில்லை. கமலவேணி, ஜோடியாக இருக்கிறதா பார் என்றேன். குனிந்து பார்த்தாள். "இருக்குதுங்க" என்றாள். உள்ளே போனேன்.